தாகத்தை நம்பாதீங்க: எடைக் குறைப்பு ஊசியும் சிறுநீரும்

எடைக் குறைப்பு ஊசி போடுறவங்களுக்கு மதுரைப் பக்கத்து மருத்துவத் துறையினர் அஞ்சு பேர் சொல்ற யோசனைகள் இவை.

உணவு ஆலோசகர், கே.கே.நகர்

செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசி போடுறவங்க சொல்றது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. "முதல் வாரம் அடிக்கடி ஒண்ணுக்குப் போச்சு. இப்போ காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு ஆயிருச்சு. கலரும் மாறிருச்சு. ஆனா தாகமே இல்ல." இதில் அந்தக் கடைசி வரிதான் பயப்பட வேண்டியது. பசியை அடக்குற மருந்து தாகத்தையும் சேர்த்து மட்டுப்படுத்துது. அதனால "தாகம் எடுக்கலையே, அப்போ தண்ணி போதும்" என்ற பழைய கணக்கு இந்த மருந்துக்கு ஒத்து வராது.

முதல் வாரம் ஏன் அதிகமாப் போகுது? சாப்பாடு திடீர்னு குறையும்போது கல்லீரலும் தசையும் சேத்து வச்ச கிளைக்கோஜன் கரையும். அதில் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். அந்தத் தண்ணி வெளியே போகும். சிறுநீரகம் உப்பையும் கொஞ்சம் கூடுதலா வெளியேத்தும். முதல் பத்து நாளில் மெஷின்ல குறையுற ஒண்ணு ரெண்டு கிலோவில் பெரும்பகுதி இதுதான், கொழுப்பு இல்லை.

அப்புறம் ஏன் குறையுது? நம்ம சாப்பாட்டிலேயே தண்ணி நிறைய இருக்கு. நாலு இட்லிக்கு ஊத்துற சாம்பார், மதியம் ரசம், கடைசியா மோர்ச்சோறு எல்லாம் தண்ணிக் கணக்குதான். நாலு இட்லி ஒண்ணாச் சுருங்கும்போது சாம்பாரும் போச்சு, ரசமும் போச்சு. அதை யாரும் கணக்கில் எடுக்கிறதில்லை.

சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு ஒரு நல்ல குறைவும் உண்டு. ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினா அது சிறுநீரில் இறங்கி, கூடவே தண்ணியையும் இழுத்துட்டுப் போகும். ராத்திரி நாலு தடவை எழுந்தவங்க சர்க்கரை அடங்கியதும் ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் எழுவாங்க. இது நல்லது. உடம்பு வறண்டதால வர்ற குறைவா, சர்க்கரை அடங்கினதால வர்ற குறைவான்னு பிரிச்சுக் காட்டுறது நிறம்தான். எலுமிச்சைச் சாறு பிழிஞ்ச தண்ணி மாதிரி இருந்தா நிம்மதியா இருங்க. நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்தா தண்ணி பத்தலை.

குடிக்கிற முறையும் மாறணும். இந்த மருந்து இரைப்பையை மெதுவாக் காலியாக்கும். பழைய பழக்கத்தில் ஒரு சொம்பு தண்ணியை அண்ணாந்து ஊத்தினா நெஞ்சு வரைக்கும் நிக்கும், குமட்டும், வாந்தியாயிடும். குடிச்சதைவிடக் கூடுதலாப் போயிரும். வீட்டு டம்ளர் எத்தனை மில்லின்னு ஒரு தடவை அளந்து வச்சுக்கோங்க. காலை 6 மணியிலிருந்து ராத்திரி 8 வரை, முக்கால் மணிக்கு ஒரு தடவை 120 மில்லி. மொத்தம் 2.2 லிட்டர் வந்துரும். சாப்பாட்டோட குடிக்காம, அரை மணி முன்னயோ பின்னயோ வச்சுக்கோங்க. போன்ல அலாரம் வச்சுக்கிறவங்க தப்பிச்சுக்கிறாங்க. "ஞாபகம் இருக்கும்"னு சொல்றவங்கதான் மதியத்தோட மறந்துர்றாங்க.

செமாகுளுடைடை மாத்திரையா எடுக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வெறும் வயித்தில், வெறும் தண்ணி 120 மில்லிக்கு மேல் போகாம விழுங்கி, 30 நிமிஷம் வேற எதுவும் தொடக்கூடாது. எழுந்ததும் ஒரு செம்பு குடிக்கிற பழக்கத்தை அந்த அரை மணிக்கு அப்புறம் தள்ளி வைங்க; இல்லைன்னா மருந்து உடம்பில் ஏறாது.

மருந்துக்கடை, தெற்கு மாசி வீதி

அக்கா தண்ணிக் கணக்கு சொல்லிட்டாங்க. நான் மாத்திரைக் கணக்கைச் சொல்றேன். 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ (டிர்செபடைடு), ஜூனில் வெகோவி (செமாகுளுடைடு) இங்க விற்பனைக்கு வந்ததிலிருந்து சீட்டைப் பார்த்தா, ஊசி தனியா இருக்கிறது அபூர்வம். கூடவே பிரஷர் மாத்திரை டெல்மிசார்டான், அதுவும் 'ஹெச்' சேர்ந்தது, சர்க்கரை மாத்திரைகளான டாபாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின் எல்லாம் இருக்கும்.

டெல்மிசார்டான் பக்கத்தில் 'ஹெச்'னு இருந்தா அது ஹைட்ரோகுளோரோதயசைடு, நீரை வெளியேத்துற மாத்திரை. டாபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாவே இறக்கி விடுறவை. தண்ணியும் கூடவே போகும். ஊசியால தாகம் அடங்கின ஆளுக்கு இந்த ரெண்டும் சேர்ந்தா வரவு குறைவு, செலவு கூடுதல். எழுந்து நிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்தா பிரஷரை உக்காந்து ஒரு தடவை, நின்னு ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. எடை குறையக் குறைய பிரஷர் மாத்திரையின் அளவையும் டாக்டர் குறைக்க வேண்டி வரும். பழைய சீட்டையே காட்டி மூணு மாசத்துக்குச் சேத்து வாங்குறதை நிறுத்துங்க.

மோசமான கூட்டு எதுன்னா, மேல சொன்ன டெல்மிசார்டான்-ஹெச் கூட முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக்கையோ இபுப்ரோஃபெனையோ தானா வாங்கிப் போடுறது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் வர்ற குழாயை வலி மாத்திரை இறுக்குது. வெளியே போற குழாயை டெல்மிசார்டான் தளர்த்துது. 'ஹெச்' மொத்த நீரையே குறைக்குது. உள்ளே அழுத்தமே இல்லாம வடிகட்டி நின்னுரும். இதுக்கு மேல ரெண்டு நாள் வாந்தியும் சேர்ந்தா, சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எகிறிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

வாந்தியோ பேதியோ பிடிச்ச நாளில் எந்த மாத்திரையை நிறுத்தி வைக்கணும்னு ஊசி ஆரம்பிக்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி வச்சுக்கோங்க. மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை எல்லாம் அந்தப் பட்டியலில் பொதுவா வரும். நடு ராத்திரி வாந்தி எடுக்கும்போது தேடிப் படிக்க நேரம் இருக்காது. சாப்பாடே இறங்காத நாளில் டாபாகிளிஃப்ளோசினைத் தொடர்ந்தா, சர்க்கரை அளவு சாதாரணமாவே இருந்தாலும், கொழுப்பு எரியும்போது உண்டாகுற கீட்டோன் ரத்தத்தில் ஏறி ஆபத்தாகலாம்.

அப்புறம் ஓஆர்எஸ், அதாவது வாந்தி பேதிக்குக் கலக்கிக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, 1 லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். அதைப் பார்த்து வாங்குங்க. டப்பாவில் வர்ற இனிப்புப் பானங்கள் இது இல்லை. அந்த மாதிரி பானங்களின் பேரில் ஓஆர்எஸ்னு போடக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டிருக்கு. லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் பாதி கொட்டிக் கலக்குறது பெரிய தப்பு. உப்பு அளவு கூடி வாந்தி வரும். ஒரு லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலம், 24 மணி நேரத்துக்குள் முடிக்கணும், மிச்சத்தைக் கொட்டிரணும். "எனக்குச் சுகர் இருக்கே"ன்னு பயந்து குடிக்காம இருக்கிறவங்க நிறைய. லிட்டருக்கு 13.5 கிராம்தான், வாந்தி நேரத்தில் அதைக் குடிக்காம இருக்கிறதுதான் ஆபத்து. ஜிகர்தண்டாவைக் குடிச்சுட்டு "நன்னாரி போட்டிருக்கு, குளிர்ச்சி"ன்னு சமாதானம் சொல்லிக்கிறது இதுக்கு மாத்து ஆகாது.

ஸ்டாஃப் நர்ஸ், அவசரப் பிரிவு

வந்து சேர்றவங்க எல்லாருமே ஒரே நேரத்தில்தான் வர்றாங்க: டோஸ் ஏத்தின முதல் ஒண்ணு ரெண்டு வாரத்தில். செமாகுளுடைடு 0.25-ல் தொடங்கி நாலு நாலு வாரமா 0.5, 1, 1.7, 2.4 மில்லிகிராம்னு ஏறும், டிர்செபடைடு 2.5-ல் தொடங்கி 5, அப்புறம் 2.5 கூட்டிக்கிட்டே போகலாம். போன டோஸில் குமட்டல் அடங்காமலே அடுத்ததுக்குப் போறவங்கதான் மாட்டிக்கிறாங்க. கத்திரி வெயிலில் டோஸ் ஏத்துறதை ஒரு மாசம் தள்ளிப்போட முடியுமான்னு டாக்டரிடம் கேக்கிறதில் தப்பே இல்லை.

"வாந்தி எடுத்துச்சு, ஊசியை நிறுத்திட்டேன், ரெண்டு நாள்ல சரியாயிரும்"னு வீட்டில் காத்திருக்காதீங்க. செமாகுளுடைடு உடம்பில் பாதியாக் குறையவே ஒரு வாரம், டிர்செபடைடுக்கு 5 நாள். நிறுத்தினாலும் வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும்.

8 மணி நேரமா ஒண்ணுக்கே போகலை, இல்லை குடிச்சது எதுவும் தங்கலை, இல்லை எழுந்தா மயக்கம். இந்த மூணில் ஒண்ணு இருந்தாலும் கிளம்பிருங்க. பெரியாஸ்பத்திரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, போய்ச் சேர்ந்ததும் "எடைக்கு ஊசி போடுறேன், கடைசியாப் போட்டது இந்தக் கிழமை"ன்னு முதல் வரியிலேயே சொல்லுங்க. பல பேர் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறாங்க. அது ஒரு வெட்கமான விஷயமே இல்லை. சொல்லாம விட்டா, வாந்திக்குக் காரணம் தேடுறதிலேயே நேரம் போயிரும்.

எல்லா அடர் நிறமும் தண்ணிக் குறைவு இல்லை. பால் ஊத்தாத டீ மாதிரி சிறுநீர், கண்ணு மஞ்சள், வலப் பக்க விலாவுக்குக் கீழ வலி, மலம் வெளுத்துப் போறது. வேகமா எடை குறையும்போது பித்தப்பைக் கல் உண்டாகும். அது நழுவிப் பித்தக் குழாயை அடைச்சா இப்படித்தான் வரும். இதுக்குத் தண்ணி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கக்கூடாது.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்குது. "நிறையத் தண்ணி குடி"ன்னு கேட்டுட்டு, சாப்பாடு கால்வாசியா ஆன உடம்பில் ஒரே நாளில் அஞ்சாறு லிட்டர் வெறும் தண்ணி. சிறுநீர் தண்ணி மாதிரி நிறமே இல்லாமப் போகும், தலைவலி, குழப்பமான பேச்சு, தள்ளாட்டம். ரத்தத்தில் உப்பு இறங்கிருச்சுன்னு அர்த்தம். 'ஹெச்' மாத்திரை போடுற வயசானவங்களுக்கு இது சீக்கிரம் வரும்.

மலச்சிக்கலையும் இதோட சேத்துப் பாருங்க. குடல் நிறைஞ்சு மூத்திரப்பையை அழுத்தினா, அடிக்கடி வர்ற மாதிரி இருக்கும், போனா சொட்டுச் சொட்டா வரும். ப்ராஸ்டேட் வீங்கின ஆம்பளைகளுக்கு முழுசா அடைச்சுக்கவும் செய்யும். நீர்க்கடுப்புன்னு நினைச்சு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுறதுக்கு முன்னாடி வயிறு எப்பப் போச்சுன்னு யோசிங்க.

லேப் டெக்னீஷியன், செல்லூர்

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி வர்றவங்களுக்கு மூணு விஷயம். டாபாகிளிஃப்ளோசினோ எம்பாகிளிஃப்ளோசினோ எடுத்தா சிறுநீரில் சர்க்கரை பாசிட்டிவ் வந்தே தீரும். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். கீட்டோன் லேசா வர்றது சாப்பாடு குறைஞ்சதால. ஆனா கூடவே வாந்தி, மூச்சு வாங்கல் இருந்தா உடனே டாக்டர். பி காம்ப்ளெக்ஸ் போட்ட அன்னைக்குப் பளீர் மஞ்சளா வர்றது அதில் இருக்கிற ரைபோஃபிளேவின்ங்கிற வைட்டமின், அந்த நாலஞ்சு மணி நேரம் நிறத்தை வச்சு முடிவு செய்யாதீங்க.

எரிச்சல் இருந்தா கல்ச்சர் (எந்தக் கிருமின்னு வளர்த்துப் பாக்கிற சோதனை) கொடுக்கிறது ஆன்டிபயாட்டிக் முதல் மாத்திரைக்கு முன்னாடி. கழுவிட்டு, முதலில் வர்றதை விட்டுட்டு, நடுவில் வர்றதைக் கிருமியில்லாத டப்பாவில் பிடிங்க. மூடிக்கு உள்பக்கம் விரல் படக்கூடாது. ரெண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துரணும். வீட்டில் பிடிச்சு வெயிலில் பஸ்ஸில் கொண்டு வந்தா வழியிலேயே கிருமி பெருகி ரிசல்ட் கெட்டுரும்.

அளவு தெரியணும்னா காலையில் எழுந்து முதல் சிறுநீரை விட்டுட்டு, அதுக்கப்புறம் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரைக்கும் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் பிடிச்சு அளந்து குறிச்சுட்டு ஊத்திருங்க. ஒரு நாள் செஞ்சாலே போதும். ஒன்றரை லிட்டருக்கு மேல வந்தா நல்லா இருக்கு. ஏற்கனவே சிறுநீரகக் கல் வந்தவங்களுக்கு 2.5 லிட்டர் வரணும். 400 மில்லிக்குக் கீழன்னா அன்னைக்கே டாக்டர்.

கிராம சுகாதார செவிலியர், உசிலம்பட்டி பக்கம்

இங்க பொம்பளைகளுக்குத் தண்ணி கிடைக்காதது பிரச்சினை இல்லை. குடிச்சா போக இடம் இல்லை. விடியமுன்ன மல்லிகைப்பூ எடுக்கப் போறவுக, மாட்டுத்தாவணிக்குப் பூக்கூடையோட பஸ் ஏறுறவுக எல்லாம் வேணும்னே குடிக்காமப் போறாக. ஊசி போட்டுத் தாகமும் இல்லைன்னா மத்தியானம் வரைக்கும் தொண்டையே நனையாது. அடக்கி வச்சு அடக்கி வச்சு நீர்க்கடுப்பு. அப்புறம் "சூடு பிடிச்சிருச்சு"ன்னு தொப்புள்ல விளக்கெண்ணெய். எண்ணெய் வைக்கிறதால கெடுதல் இல்லை. காய்ச்சல், குளிர், முதுகுவலி வந்தும் அதோட நிக்கிறதுதான் கெடுதல். நேரத்தை மாத்திச் சொல்லிக் கொடுத்தா கேட்டுக்கிறாக: கிளம்புறதுக்கு ரெண்டு மணி முன்னாடி 300 மில்லி ரெண்டு மூணு தடவையாக் குடிச்சுட்டு, கிளம்பும்போது போயிட்டு வந்துட்டு, வேலை இடத்தில் வாய் நனையுற அளவு, திரும்பினதும் மிச்சம்.

நீர்மோருக்கு ஒரு டம்ளர் தயிர், நாலு டம்ளர் தண்ணி, அரை டீஸ்பூன் உப்பு. வெயிலில் வேலை செய்றவுகளுக்கு வெறும் தண்ணியைவிட இது நல்லது. பிரஷர் உள்ளவுக உப்பைக் குறைச்சுக்கணும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. பேதி நேரத்தில் ஓஆர்எஸ்ஸுக்கு ஈடாகாது. சிறுநீரகம் கெட்டவுக, டெல்மிசார்டான் போடுறவுக தினமும் குடிக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்கணும்.

ஊசிக் கிழமையையும் யோசிச்சு வைக்கலாம். போட்டு ஒண்ணுலயிருந்து மூணு நாளைக்குத்தான் குமட்டல் கடுமை. அழகர் ஆத்துல இறங்குறதைப் பாக்க வைகைக்கரையில் நிக்கப் போறவுக அதுக்கு முந்தின நாள் போட்டுக்கிட்டுப் போகக்கூடாது. பரங்குன்றத்தில் ஐப்பசி சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவுக, நோன்பு பிடிக்கிறவுக, பழனிக்குப் பாதயாத்திரை போறவுக ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்டப் பேசிருங்க. கிளிமிபிரைடுங்கிற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்து போடுறவுகன்னா கட்டாயம் பேசணும். சர்க்கரை தாழ்ந்து போயிரும்.

உணவு ஆலோசகர், கே.கே.நகர்

ஒண்ணு விட்டுப்போச்சு. மேல நான் சொன்ன 2.2 லிட்டர், இதயம் பலவீனமானவங்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் கிடையாது. அவங்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான். அவங்க காலையில் ஒண்ணுக்குப் போனதும், சாப்பிடுறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி உடுப்போட எடை பார்த்துக் காலண்டரில் எழுதி வைங்க. மூணு நாளில் 2 கிலோ ஏறினா தண்ணி தேங்குது. கால் வீக்கத்தைப் பாருங்க, அன்னைக்கே போன் பண்ணுங்க. ஒரே நாளில் ஒன்றரை கிலோ இறங்கினா சந்தோஷப்பட வேண்டாம். குவளையை எடுத்து அளக்க ஆரம்பிங்க.