அண்ணனிடம் இப்போதே போகவா, பத்திரம் முடிந்த பிறகா?

காரைக்குடி தம்பி:
ஸ்தோத்திரம். வீட்டுப் பங்கு பிரிப்பதில் தேவகோட்டை அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோயிற்று. ஜெபத்தில் உட்கார்ந்தாலே மத்தேயு 5:24 வந்து நிற்கிறது: "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." மாமனார் வீட்டிலோ, "பத்திரப்பதிவு முடியட்டும். இப்போது போனால் பங்கை விட்டுக்கொடுக்க வந்ததாக நினைப்பார்" என்கிறார்கள். போகமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கீழ்ப்படிந்தால் அது கீழ்ப்படியாமையா?

திருப்பத்தூர் விசுவாசி:
அவசரம் வேண்டாம் பிரதர். வேதத்தில் வரும் கிதியோன், கர்த்தர் சொன்னது உறுதிதானா என்று பார்க்க ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனி இறங்குவதை வைத்து இரண்டு தடவை அடையாளம் கேட்டானே, கர்த்தர் கோபிக்கவில்லையே. காத்திருந்து ஜெபியுங்கள்.

ஆத்தங்குடி அக்கா:
தம்பி, கிதியோன் கதையை நியாயாதிபதிகள் 6-இல் முதலிலிருந்து படியுங்கள். தோல் போட்டது கடைசியில். அதற்கு முன்பே பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குத் தகப்பன் வைத்திருந்த பலிபீடத்தை இடிக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்தான், அது உண்மை. ஆனாலும் வேலைக்காரரில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ராத்திரியிலேயே இடித்துவிட்டான். பயம் போகட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

மனதில் தோன்றுவதற்கெல்லாம் உடனே ஓடச் சொல்லவில்லை. வேலையை விடு, நிலத்தை விற்று ஊழியத்துக்குக் கொடு என்று யாராவது 'கர்த்தர் சொன்னார்' என்றால் நிதானித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு வந்திருப்பது வேதத்தில் எழுதியே இருக்கிற வார்த்தை. அதற்கு அடையாளம் எதற்கு?

நான் தளக்கல் பட்டறையில் வேலை செய்கிறவள். கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றினால், அது ஈரமாக இருக்கும்போதே மேலே சிமெண்டும் மணலும் போட்டாக வேண்டும். இறுகிய பிறகு போட்டால் ஒட்டாது. எண்ணாகமம் 14-இலும் அதைத்தான் பார்க்கிறேன். வாக்குக்கொடுத்த கானான் தேசத்துக்குள் போகும்படி கர்த்தர் சொன்னபோது இஸ்ரவேல் ஜனங்கள் மறுத்தார்கள். தண்டனையைக் கேட்டு அழுதுவிட்டு, மறுநாள் அதிகாலையில் "போகிறோம்" என்று கிளம்பினார்கள். மோசே தடுத்தும் கேட்கவில்லை, முறியடிக்கப்பட்டார்கள். போகச் சொன்னவர் ஒருவர்தான், நேரம்தான் தப்பிவிட்டது.

பத்திரம் முடிந்த பிறகு நீங்கள் போனால், வரவேண்டியது வந்ததும் தம்பி வந்தான் என்றுதான் அண்ணன் நினைப்பார்.

காரைக்குடி தம்பி:
சரிக்கா. போய் நின்று, அவர் முகம் கொடுக்காவிட்டால்?

ஆத்தங்குடி அக்கா:
ரோமர் 12:18-இல் பவுல் "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்றுதானே சொல்கிறார்? உங்கள் பங்கு போய் நிற்பது. முகம் கொடுப்பது அவர் பாடு. இன்று சாயங்காலமே போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போனால் மதினியாவது உள்ளே வரச் சொல்வார். வீட்டுப் பங்குப் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அவர் எடுத்தால், "அதை வக்கீல் பார்க்கட்டும் அண்ணே, நான் உங்களைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிடுங்கள்.