ஆர்எக்ஸ் 100 பிஸ்டன் உடைஞ்சு துண்டு கீழ எறங்கிருச்சு, இன்ஜின் கேஸ் பிரிக்காம கழுவ முடியுமா?

புளியரைக்காரன்:
அண்ணாச்சிமாரே ஒரு யோசனை சொல்லுங்க. அப்பா ஓட்டுன 93 மாடல் ஆர்எக்ஸ் 100. போன ஞாயித்துக்கிழமை ஆரியங்காவுல இருந்து கோட்டவாசல் தாண்டி எறங்கிட்டு இருக்கேன், எஸ் வளைவுக்கு கொஞ்சம் முன்னாடி பின்சக்கரம் அப்படியே புடிச்சிருச்சு, கிளட்சுல விரல் இருந்ததால விழாம தப்பிச்சேன். ஆறவிட்டு திரும்ப மிதிச்சா ஸ்டார்ட் ஆச்சு, அதான் நான் பண்ண தப்பு, நூறடி போகல கடகடன்னு ஒரு சத்தம் வந்து செத்துருச்சு. மீன் எறக்கிட்டு வந்த ஒரு மினி லாரிக்கார அண்ணன்தான் ஏத்திட்டு வந்து செங்கோட்டையில விட்டாரு.

சிலிண்டர கழட்டினா பிஸ்டனோட பாவாடைப் பக்கம், அதான் அடிப்பக்கம், பாதியக் காணோம், ஒரு ரிங்கு மூணா உடைஞ்சு கெடக்கு. ஒரு மெக்கானிக் பெட்ரோல ஊத்தி குலுக்கி கவுத்தா எல்லாம் வந்துரும்ங்கிறாரு, இன்னொருத்தரு இன்ஜினையே எறக்கணும்ங்கிறாரு. பிஸ்டனையும் கிராங்கையும் சேக்குற ராடு பக்கவாட்டுல லேசா ஆடுது வேற, அதுவும் போச்சா?

குத்தாலச்சாரல்:
கீழ ட்ரெயின் போல்ட்ட கழட்டி ஆயில எறக்கிட்டு டீசல் ஊத்தி ரெண்டு தடவ ஃப்ளஷ் பண்ணு தம்பி. என் நாலு ஸ்ட்ரோக் வண்டிக்கு அப்படித்தான் பண்ணோம், மூணு வருஷமா ஓடுது.

லேத்துக்காரன்:
சாரல் அண்ணே கோவிச்சுக்காதீங்க, இவரு வண்டி டூ ஸ்ட்ரோக். அந்த போல்ட்ட கழட்டினா கியர் ஆயில்தான் வரும், ராடு சுத்தி விடுற தண்டு, அதான் கிராங்க், அது இருக்கிற அறை தனி, நடுவுல சீல் இருக்கு. பிஸ்டன் தூள் ஒரு பொடி கூட அந்த வழியா வராது.

தம்பி, பெட்ரோல் ஊத்தி கவுத்தா பெரிய துண்டு வரும், இல்லைன்னு சொல்லல. ஆனா உன் இன்ஜின்ல கிராங்க் பேரிங்கும் ராடோட அடி பேரிங்கும் அந்த அறைக்குள்ளயே தெறந்து கெடக்கு, பெட்ரோலோட கலந்து வர்ற ஆயில்தான் அதுக்கு உசுரு. ஆயில் போற சந்துலயே அலுமினியப் பொடியும் போய் உக்காந்துக்கும், நீ ஊத்துற பெட்ரோல் அத இன்னும் உள்ளதான் தள்ளும். கம்ப்ரசர் காத்து அடிச்சா அதவிட மோசம். காந்தம் விட்டுப் பாக்கலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க, ரிங்கு துண்டு ஒட்டும், பிஸ்டன் அலுமினியம், அது எப்படி ஒட்டும்?

அதனால கேஸ் பிரிச்சே ஆகணும். கிராங்க் நுனியில இருக்கிற மேக்னட் வீல கழட்ட புல்லர் வாங்கிக்கோ, சுத்தியல வச்சு தட்டுனா கிராங்க் வளைஞ்சு போகும். பிரிச்சதும் ரெண்டு பாதியையும் மண்ணெண்ணெய்ல பிரஷ் போட்டுக் கழுவு, சிலிண்டர்ல இருந்து கேஸுக்கு எறங்குற வழி ரெண்டு பக்கமும் இருக்கு பாரு, அதோட மூலையில கசடோட சேந்து தூள் ஒட்டிக் கெடக்கும், விரல விட்டுத் தடவிப் பாக்கணும். மெயின் பேரிங் ரெண்டும் சீல் ரெண்டும் புதுசு போடு, கழுவி திரும்பப் போடுற சோலியே வேண்டாம். பக்கவாட்டு ஆட்டம் ராடுக்கு இருக்கத்தான் செய்யும், பயப்படாத. மேல கீழ இழுத்துப் பாரு, அதுல டக்குனு ஒரு தட்டு தெரிஞ்சா ராடு கிட்டும் மாத்தணும். மாத்தினா பின்ன அழுத்திப் போட்டதோட விட்டுறாம டயல் வச்சு கிராங்க் நேரா சுத்துதான்னு சென்டர் பாக்குற பட்டறையா பாத்துக் குடு.

அப்புறம் உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல வச்சு, நொறுங்குன முறுக்க ஒட்டவைக்கிற மாதிரி பிஸ்டனோட சேத்துப் பாரு. எது கொறையுதோ அது இன்னும் உள்ளதான் இருக்கு, இல்லைன்னா சைலன்சர்ல. சைலன்சரையும் கழட்டிக் குலுக்கிரு.

புனலூர் டூ ஸ்ட்ரோக்:
கழுவுறது சரி, ஏன் புடிச்சதுன்னு யாரும் கேக்கலியே. எறக்கத்துல ஆக்சிலேட்டர முழுசா மூடிட்டு கியர்லயே வந்தீங்களா? ஆயில் பம்ப்பு ஆக்சிலேட்டர் கேபிளோட சேந்தது. நீங்க மூடிட்டா பெட்ரோலும் கொறையும் ஆயிலும் கொறையும், ஆனா எறக்கத்துல வண்டி தள்ளுறதால இன்ஜின் வேகமாத்தான் சுத்தும். நான் தென்மலை வழியா வாரத்துக்கு ரெண்டு தடவ வர்றவன், நடுவுல நடுவுல கிளட்ச புடிச்சு ஒரு முறுக்கு முறுக்கி விடுவேன், பாக்குறவன் பந்தா காட்டுறான்னு நினைப்பான், நினைச்சுட்டுப் போறான். பம்ப்பு கேபிள் லூஸா இருக்கா, சீல் வழியா காத்து இழுக்குதா, ரெண்டையும் பாக்காம புது பிஸ்டன் போட்டீங்கன்னா அதே வளைவுல திரும்ப நிப்பீங்க. கார்பரேட்டர்ல இருந்து கலவைய உள்ள விடுற ரீடு வால்வு தகடு நுனி உடைஞ்சிருக்கான்னும் பாருங்க.

புளியரைக்காரன்:
ஆமா அண்ணே, முழுசா மூடிட்டுத்தான் வந்தேன், பெட்ரோல் மிச்சம்னு நினைச்சு.

நேத்து கேஸ் பிரிச்சாச்சு. முன்னாடியே அந்த மெக்கானிக் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊத்திக் கவுத்துதான் குடுத்திருந்தாரு, அப்படியும் இடது பேரிங்க கையில சுத்தினா மணல் அரைக்கிற மாதிரி நறநறங்குது. பேப்பர்ல சேத்துப் பாத்ததுல ஒரு நகக்கண் அளவு துண்டு மட்டும் கணக்குல வரல, ரிங்கு துண்டு சைலன்சர்ல இருந்துச்சு. சிலிண்டர் போர், அதான் உள்விட்டம், 50.50 மில்லிமீட்டருக்கு அடிக்கக் குடுத்திருக்கேன். ஆயில் பம்ப்புல காத்து எடுத்ததுக்கு அப்புறமும் மொத டேங்குக்கு பெட்ரோல்லயே கொஞ்சம் ஆயில் கலக்கச் சொல்லுதாங்க, எவ்வளவு கலக்கட்டும்?

லேத்துக்காரன்:
லிட்டருக்கு 20 மில்லி போதும். பொகையப் பாத்து பயந்துறாத. அந்த நகக்கண் துண்டு கெடைக்காம கேஸ மூடாத.