பிரான்சிலிருந்து சிப்பாய்கள் எழுதிய கடிதங்களில் மிளகும் மிளகாயும் எதற்கு?

வைகைக்கரையான்:
முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில், கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது சிவப்பு மிளகாய்தான் என்கிற மாதிரி வரிகள் வருகின்றனவாம். பதுங்குகுழியில் உட்கார்ந்துகொண்டு எதற்கு மளிகைக் கணக்கு? அப்புறம், எங்கே தேடினாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. மூலக் கடிதங்கள் எங்கே போயின? தமிழில் ஏதும் உண்டா?

பழையபேப்பர்:
மளிகை இல்லை, சங்கேதம். கருமிளகு என்றால் இந்தியப் படை, சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரப் படை. நம்மவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நேராக எழுதினால் கடிதம் போய்ச் சேராதே. வேடிக்கை என்னவென்றால் கடிதங்களைப் பிரித்துப் படித்த ராணுவ சென்சாருக்கும் இது புரிந்துவிட்டது, அதனால்தான் நமக்கே தெரிகிறது!

தெற்குவீதி:
மூலங்களில் பெரும்பாலானவை ஊர்களுக்குப் போய், அங்கேயே செல்லரித்துப் போயிருக்கும். மிஞ்சியது சென்சார் அலுவலகம் ஆங்கிலத்தில் எடுத்துவைத்த பகுதிகள், அவை இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வெளிநாட்டு இந்தியர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய புரட்சி இயக்கமான கதர் கட்சியின் பிரசாரம் சிப்பாய்களிடம் போய்விடக் கூடாது என்று 1914 கடைசியில் தொடங்கிய வேலை அது. ஹொவெல் என்ற அதிகாரி பொறுப்பில் இருந்தார். 1915 மார்ச் வாக்கில் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் எழுதப்பட்டன, கைவிரல் எண்ணிக்கையில் ஆட்களை வைத்துக்கொண்டு எத்தனையைத்தான் படிப்பது? படைகளின் மனநிலையை மேலிடத்துக்குச் சொல்ல உதவுபவற்றைத்தான் எடுத்து எழுதினார்கள், ஆகவே இன்று நாம் வாசிப்பது சிப்பாயின் குரல் மட்டுமில்லை, அதைப் பொறுக்கியவரின் கவலையும் சேர்ந்தது. இதை மறந்துவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கணக்குப்பிள்ளை:
இன்னொரு ஆளும் நடுவில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம், தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதுவார்கள், ஊரிலும் யாராவது நாலு பேர் முன்னால் உரக்கப் படிப்பார்கள். மனைவியிடம் மட்டும் சொல்ல வேண்டியதை அதில் எப்படிச் சொல்வது? அப்படியிருந்தும் மகாபாரதப் போர் மாதிரி இருக்கிறது என்றும், தம்பியைப் பட்டாளத்தில் சேர விடாதீர்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். காயம்பட்டு இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனை ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் அந்த இடத்தைச் சொர்க்கம் என்று புகழ்ந்ததை அரசு சந்தோஷமாக விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது, அது வேறு கதை.

வைகைக்கரையான்:
நன்றி. தமிழ்க் கேள்வியை எல்லாரும் நைசாகத் தாண்டிவிட்டீர்களே?

தெற்குவீதி:
தாண்டவில்லை சார். பிரான்சுக்குப் போனவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள், பட்டாணியர், கர்வாலிகள், கூர்க்காக்கள், அதனால் அந்தக் கட்டுகளில் உருது, இந்தி, குர்முகி (பஞ்சாபி எழுத்து) கடிதங்கள்தான் மிகுதி. சென்னை மாகாணப் படைகள் வேறு முனைகளில் இருந்தன. 63வது பாளையங்கோட்டை காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற படைப் பொறியாளர் பிரிவினர் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இருந்தார்கள். ஆகவே தமிழ்க் கடிதம் வேண்டுமென்றால் லண்டனைவிட நம்மூர் டிரங்குப் பெட்டிகளைத் துழாவுவதே மேல். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஸ்டாம்பின் மேல் ஐ.இ.எஃப். என்று கறுப்பில் அச்சடித்திருந்தால், அது கடல்கடந்து போன இந்தியப் படைகளின் தபாலுக்காக வந்த ஸ்டாம்பு. கிடைத்தால் உறையிலிருந்து பிய்த்துவிடாதீர்கள், முத்திரையில் தேதி இருக்கும்.