எலும்பு பெருத்த உடம்புக்கு எத்தனை கிலோ கூடுதலாக இருக்கலாம்?

உப்புவெளி வாசகி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 38, உயரம் 160 சென்டிமீட்டர், எடை 64 கிலோ. சென்ற வாரம் கிளினிக்கில் எடை பார்த்த தாதி உத்தியோகத்தர், என் உடற்திணிவுச் சுட்டி (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 25 என்று கொப்பியில் எழுதிவிட்டு, ஐந்து கிலோவாவது குறைக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அதை ஏற்கவே இல்லை. எங்கள் பரம்பரையே எலும்பு பெருத்த பரம்பரை என்றும், எனக்குக் காப்பு அளவு 2.8 என்பதே அதற்குச் சாட்சி என்றும், மெலிந்தால் நோயாளி போலத் தெரிவேன் என்றும் சொல்கிறார்.

இணையத்தில் தேடியபோது, உயரத்தை மணிக்கட்டின் சுற்றளவால் வகுத்து உடல்வாகைக் கண்டறியும் கணக்கு ஒன்று கிடைத்தது. பெண்களுக்கு விடை 11க்கு மேல் வந்தால் சிறிய உடல்வாகு, 10.1 முதல் 11 வரை நடுத்தரம், அதற்குக் கீழே பெரியது. என் மணிக்கட்டு 16.5 சென்டிமீட்டர், விடை 9.7. அப்படியானால் அம்மா சொல்வதுதான் சரியா?

என் கணவர் இதற்கு நேர்மாறு. உயரம் 170, எடை 65, மணிக்கட்டு 16. ஆண்களுக்கு 10.4க்கு மேல் என்றால் சிறிய உடல்வாகு என்கிறார்கள்; அவருக்கு 10.6 வருகிறது. கையும் காலும் மெலிந்திருக்கின்றன, வயிறு மட்டும் சற்று முன்னே நிற்கிறது. கோணேசர் கோயில் திருவிழாவில் காணும் உறவினர் எல்லாரும் அவருக்கு நான் சாப்பாடு போடுவதில்லையா என்று என்னைத்தான் கேட்கிறார்கள். நான் எடையைக் குறைத்து, அவர் எடையைக் கூட்ட வேண்டுமா, அல்லது இருவரும் இப்படியே இருக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றி உடையவளாவேன்.

உவர்மலை, ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

அன்புள்ள தங்கைக்கு, உங்கள் அம்மா சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மையின் எடை அவர் நினைப்பதைவிடக் குறைவு.

உடல்வாகைப் பொறுத்து எடை மாறும் என்பதை முதன்முதலில் பரவலாக்கியவர்கள் வைத்தியர்கள் அல்லர், காப்புறுதிக்காரர்கள். அமெரிக்காவின் மெட்ரோபொலிட்டன் ஆயுள் காப்புறுதி நிறுவனம் 1942, 1943ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அட்டவணைகளில் ஒவ்வோர் உயரத்துக்கும் சிறிய, நடுத்தர, பெரிய உடல்வாகு என மூன்று நிரல்கள் இருந்தன. யார் எந்த நிரலைச் சேர்ந்தவர் என்று தீர்மானிக்க எந்த அளவும் அதில் கொடுக்கப்படவில்லை. ஆகவே அவரவர் தமக்குப் பிடித்த நிரலைத் தேர்ந்துகொள்ள வழியிருந்தது, அது பெரும்பாலும் எந்த நிரலாக இருந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1983இல் அட்டவணையைப் புதுப்பித்தபோதுதான் முழங்கையின் அகலத்தை அளவுகோலாகச் சேர்த்தார்கள். கையை முன்னே நீட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடித்து, இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பு முனைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்க வேண்டும். மணிக்கட்டைவிட இது நம்பத்தக்கது, ஏனெனில் அந்த இடத்தில் சதை அதிகம் சேர்வதில்லை. உடல் பருத்தால் மணிக்கட்டின் சுற்றளவும் ஓரளவு கூடிவிடும். உங்கள் உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை அகலம் 6 முதல் 6.7 சென்டிமீட்டர் வரை இருந்தால் நடுத்தர உடல்வாகு.

அந்த அட்டவணையில் செருப்பின் உயரத்தையும் உடுப்பின் எடையையும் கழித்துப் பார்த்தால், 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்குச் சிறிய உடல்வாகில் ஏறத்தாழ 50 முதல் 56 கிலோ, நடுத்தரத்தில் 55 முதல் 61, பெரியதில் 59 முதல் 67 கிலோ என்று வருகிறது. நடுத்தரத்திலிருந்து இரு பக்கமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அது நகர்வதில்லை. உயரத்திலிருந்து பொருத்தமான எடையைக் கணக்கிட உணவியலாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் ஹாம்வி சூத்திரமும் உடல்வாகுக்கென்று கூட்டவோ குறைக்கவோ விடுவது அதே 10 சதவீதத்தைத்தான். இந்த வேறுபாடு முழுவதும் எலும்பின் எடை என்று எண்ணிவிடாதீர்கள். எலும்புக்கூடு உடல் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம். 60 கிலோ உள்ளவருக்கு அது 9 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலும் இரண்டு கிலோவைத் தாண்டாது. மிச்சம், அகன்ற எலும்பின் மேல் இயல்பாக அமையும் தசையின் எடை. அந்தத் தசை இல்லாதவருக்குக் கூடுதல் கிலோவுக்கு உரிமையும் இல்லை என்பது என் கருத்து.

67 வரை போகலாம் என்று இதைப் படித்ததும் உங்கள் அம்மா மகிழ்வார். சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த அட்டவணை 25 முதல் 59 வயது வரையிலான அமெரிக்கக் காப்புறுதிதாரர்களின் இறப்பு விவரத்திலிருந்து எடுக்கப்பட்டது. நம் பக்கத்து மக்களுக்கு அதே எடையில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான சிறு கட்டுரை ஒன்றை எங்கள் பயிற்சி வகுப்பில் காட்டினார்கள். புனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த வைத்தியர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் அதில் இருந்தது. இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒரே 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23இலேயே கவனம் தொடங்க வேண்டும் என்றும், 27.5ஐ உயர் அபாயத்தின் எல்லையாகக் கொள்ளலாம் என்றும் பரிந்துரைத்தது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். உங்கள் உயரத்துக்கு, இயல்பான உடற்திணிவுச் சுட்டியின் கீழ் எல்லையான 18.5 என்பது 47 கிலோ, 23 என்பது 59 கிலோ. ஒரே உயரத்துக்கு இப்படிப் பன்னிரண்டு கிலோ அகலம் விட்டிருப்பதே மெல்லிய எலும்பு உள்ளவருக்கும் பருத்த எலும்பு உள்ளவருக்கும் அதனுள் இடம் இருக்கட்டும் என்பதால்தான். பெரிய உடல்வாகு என்றால் நீங்கள் 57, 58இல் நிற்கலாம். சிறியது என்றால் 50க்கு அருகில் நிற்பது நல்லது. எல்லைக்கு வெளியே போய் நின்றுகொண்டு உடல்வாகை மீண்டும் ஒருமுறை கூட்டுவது, கடையில் ஒரே விலைக்கழிவை இரண்டு தடவை கேட்பது போன்றது.

தயவுசெய்து இருவரின் இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். தெற்காசியப் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் எல்லை. அது நினைவில் நிற்காவிட்டால், இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், உங்களைவிட உங்கள் கணவரின் அளவைத்தான் நான் எதிர்பார்த்திருக்கிறேன்.

என்.சி. வீதி தையல்காரர் எழுதியது:

எனக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் அளவு நாடா தெரியும். துணி நாடா பழையதானால் இழுபட்டு நீண்டுவிடும். முதலில் அதை ஓர் இரும்பு அடிமட்டத்தின் மேல் வைத்துச் சரிபாருங்கள். அடுத்ததாக, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் புடைத்து நிற்கும் எலும்பின் மேல் நாடாவைச் சுற்றினால் அளவு கூடும். அந்த எலும்புக்கும் உள்ளங்கைக்கும் இடையில், மடிப்பு விழும் இடத்தில் சுற்ற வேண்டும். விரலை உள்ளே விடக் கூடாது. நாங்கள் சட்டைக்கு அளவெடுக்கும்போது விடும் தளர்வை இந்தக் கணக்கில் விட்டால் சிறிய உடல்வாகுக்காரரும் நடுத்தரம் ஆகிவிடுவார்.

காப்பைப் பற்றியும் ஒரு சொல். 2.8 என்பது காப்பின் உள்விட்டம், அதாவது இரண்டு அங்குலமும் பதினாறில் எட்டுப் பங்கும், மொத்தம் இரண்டரை அங்குலம். காப்பு கைக்குள் ஏறுவதற்குத் தாண்ட வேண்டியது பெருவிரல் அடியையும் விரல் மொழிகளையும்தான். ஆகவே அது உள்ளங்கையின் அளவைச் சொல்லுமே தவிர, மணிக்கட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சல்லிக் கரை எழுதியது:

தாதி அம்மா சொன்னதற்கு எங்கள் வீட்டிலேயே சான்று உண்டு. எனக்கு உயரம் 172, எடை 78 கிலோ, மணிக்கட்டு 18.5. எந்தக் கணக்கில் பார்த்தாலும் பெரிய உடல்வாகு. உடற்திணிவுச் சுட்டி 26ஐத் தாண்டுகிறது. பதினேழு வயதிலிருந்து கரைவலை இழுக்கிறேன். சென்ற ஆண்டு என்னைப் பரிசோதித்த வைத்தியர் இடுப்பை அளந்து 82 என்று எழுதினார்; இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்துவிட்டு, எடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

என் அண்ணனுக்கும் இதே உயரம், இதே கை. முழங்கால் வலியால் வலையை விட்டு ஆறு வருடமாக ஓட்டோ ஓட்டுகிறார். தராசில் ஏறினால் அவரும் 78தான், இடுப்பு மட்டும் 97. இப்போது இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார். எங்கள் இருவரையும் தராசு ஒன்றாகவே காட்டுகிறது, மணிக்கட்டுக் கணக்கும் ஒன்றாகவே காட்டுகிறது. ஆகவே சகோதரி, எலும்பு பெரியதா என்று கேட்பதோடு, அந்த எலும்பு என்ன வேலை செய்கிறது என்றும் கேளுங்கள்.

உப்புவெளி வாசகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாடாவை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன், அது சரியாகத்தான் இருந்தது. தவறு நான் சுற்றிய இடத்தில். மடிப்பில் சுற்றியபோது 15.6 வந்தது, விடை 10.26. முழங்கையை மகனின் அடிமட்டத்துக்கும் இரண்டு தீப்பெட்டிக்கும் நடுவே வைத்து அளந்தோம், 6.3 சென்டிமீட்டர். இரண்டு வழியிலும் நான் நடுத்தர உடல்வாகுதான். இடுப்பு 84. அம்மாவிடம் காப்புக் கணக்கை விளக்கினேன். கையாவது பெரியதுதானே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கணவரின் இடுப்பு 92 என்று வந்தபோது நம்பாமல் மூன்று முறை அளந்தோம். நீங்கள் அவரைக் குறிப்பிட்டுச் சொன்னது மனதில் உறுத்தியதால், நேற்றுக் காலை வெறும் வயிற்றில் குருதிச் சீனி பார்த்தோம். 118 மில்லிகிராம் என்று சீட்டில் இருக்கிறது. இத்தனை நாளும் மெலிந்தவர் என்று சொல்லி அவருக்குத்தான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

உவர்மலை, ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தங்கை, 118 என்பது நீரிழிவு அல்ல. அதற்கு 126 வர வேண்டும். ஆனால் 110இலிருந்து 125 வரை உள்ள பகுதி அதற்கு முந்திய படி. ஒரு பரிசோதனையோடு எதையும் முடிவு கட்டாமல், சீட்டைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் மறுபடி பார்க்கச் சொல்வார். எலும்பு மெல்லிய ஒருவருக்கு 65 கிலோவில் 92 இடுப்பு என்றால், தசை இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை, கொழுப்பு இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்று பொருள். உறவினர் சொல்லுக்காக எடையைக் கூட்டினால் அது வயிற்றிலேயே போய்ச் சேரும். சோற்றை ஒரு முறையோடு நிறுத்தி, மீனையும் பருப்பையும் மரக்கறியையும் கூட்டுங்கள். மாலையில் டச்சுக் குடாக் கரையில் விரைவாக நடக்கட்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சியும் செய்யட்டும். சிவப்பரிசி என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்று அவர் வாதிட்டால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் 59ஐ ஒரே மாதத்தில் எட்ட வேண்டியதில்லை. எடையில் 5 சதவீதம், உங்களுக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல், குறைந்தாலே சீனியிலும் அழுத்தத்திலும் பலன் தெரியத் தொடங்கும். மணிக்கட்டையும் முழங்கையையும் இனி அளக்க வேண்டாம், அவை மாறப்போவதில்லை. இடுப்பை மட்டும் மாதம் ஒரு முறை, காலையில் சாப்பிடுமுன், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளந்து எழுதி வையுங்கள். கணவர் வயிற்றை உள்ளே இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.