இரண்டு அலைவரிகள் தெரிந்தும் ஒலி ஒன்றாகவே பதிவானபோது

நண்பர்களுக்கு வணக்கம். கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் பலரும் முறையிடுவது ஒன்றைத்தான்: கேசட்டை ஓட்டும் டெக்கில் கேட்கும்போது இடம், வலம் என்று பிரிந்து ஒலிக்கும் இசை, கணினியில் பதிவான பிறகு நடுவில் வந்து குவிந்துவிடுகிறது, இல்லையென்றால் ஒரு காதில் மட்டும் கேட்கிறது. எனக்கு இந்தச் சிக்கல் எங்கள் ஊர்க் கோயில் கொடையில் பதிவுசெய்த வில்லுப்பாட்டுக் கேசட்டில் வந்தது. இரண்டு மைக்குகள் உள்ளேயே பொருத்தப்பட்ட டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த கருவியை) மேடைக்கு எதிரே வைத்துப் பிடித்த ஒலி அது. புலவரின் குரலும் வில்லின் மணிகளும் நடுவில் நிற்க, குடம் இடப்பக்கமும் உடுக்கை வலப்பக்கமும் கேட்கும். அந்தக் குழுவின் வாசிப்பைக் கேட்க எங்களிடம் வேறு பதிவு இல்லை. ஆகவே இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கிச் சேமிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் மடிக்கணினியில் ஒலிக்கென்று இருப்பது ஒரே ஒரு துளைதான். ஹெட்போனுக்கும் மைக்குக்கும் பொதுவான அந்தத் துளையில் நான்கு தொடுமுனைகள் உண்டு: இடது, வலது, தரை, மைக். அதாவது, கணினியிலிருந்து ஒலி வெளியே போக இரண்டு வழிகள், உள்ளே வர ஒரே வழி. டெக்கிலிருந்து வரும் சாதாரண ஸ்டீரியோ (இடது, வலது என இரு வழி ஒலி) பின்னில் மூன்று தொடுமுனைகளே இருப்பதால், அதைச் செருகியதும் மைக்குக்கு உரிய இடம் தரையோடு சேர்ந்துவிடுகிறது. ஹெட்போன் செருகப்பட்டிருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், ஒலியை வரைந்து காட்டும் அலைவரிகள் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன, பாட்டும் தூரத்தில் கேட்டது. திரைக்கு மேலே உள்ள விளிம்பை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் அலைவரி துள்ளியது. டெக்கோடு இணைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து அறைக்குள் பரவிய ஒலியைத்தான் கணினி தன்னுடைய சொந்த மைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. மின்விசிறியின் இரைச்சலும் கூடவே பதிவாகியிருந்தது.

பிறகு ஹெட்போனையும் மைக்கையும் தனித்தனித் துளைகளாகப் பிரித்துத் தரும் கேபிள் ஒன்றை வாங்கி, மைக் பக்கத்தில் டெக்கை இணைத்தேன். பாட்டு நேரடியாகப் பதிவானது, ஆனால் உடுக்கை இல்லை. இந்த இடத்தில் நான் செய்த சோதனையை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பதிவு ஓடும்போதே டெக்கின் பின்புறத்தில் உள்ள சிவப்பு முனையைப் பிடுங்குங்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. எனக்குச் சிவப்பைப் பிடுங்கியபோது திரையில் எந்த மாற்றமும் இல்லை. வெள்ளையைப் பிடுங்கியவுடன் இரண்டு அலைவரிகளும் ஒன்றாகப் படுத்துவிட்டன. இடப்பக்க ஒலி ஒன்றே உள்ளே வந்து, இரண்டு வரிகளாக நகலெடுக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சிவப்பைப் பிடுங்கும்போது வல வரி மட்டும், வெள்ளையைப் பிடுங்கும்போது இட வரி மட்டும் அடங்கினால்தான் அது உண்மையான ஸ்டீரியோ.

மைக் துளையில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து (மற்றக் கருவிகளுக்கு ஒலியை அனுப்பும் துளையிலிருந்து) வருவதோ ஏறக்குறைய 0.3 வோல்ட். அந்த அளவை மைக்குக்கான பெருக்கி தாங்காமல் அலையின் உச்சிகளை வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டுப்பட்ட ஒலியைப் பின்னர் எந்த மென்பொருளில் குறைத்தாலும் கரகரப்பு போகாது. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இளஞ்சிவப்புத் துளையை விட்டுவிட்டு இளநீலத் துளையைத் தேட வேண்டும். கணினித் துளைகளுக்கு நிறங்களை வகுத்த பிசி 99 வழிகாட்டியின்படி அதுவே லைன் இன், அதாவது இத்தகைய ஒலியை உள்வாங்கும் துளை. மடிக்கணினிக்கு, சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு உள்ளீட்டுத் துளைகள் கொண்ட யூஎஸ்பி ஒலிக்கருவியே சரியான வழி. கட்டைவிரல் அளவில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி செருகிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளீடு மைக்குக்கானது, அதுவும் மோனோ, அதாவது ஒரே வழி. வாங்குமுன் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

யூஎஸ்பி கருவி வந்த பிறகும் விண்டோஸில் சில இடங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. விண்டோஸ் அந்தக் கருவியை வெறும் மைக்ரோபோன் என்று எண்ணி ஒரு சேனலுக்கு அமைத்திருந்தது. ரெக்கார்டிங் பட்டியலில் அதன் பிராபர்ட்டீஸைத் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் 2 சேனல், 16 பிட், 44100 ஹெர்ட்ஸ் என்று மாற்றி, எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு போன்ற மேம்பாடுகள் அனைத்தையும் அணைத்தேன். அவை பேச்சுக்காக உருவாக்கப்பட்டவை, இசையைச் சிதைத்துவிடும். ஆடாசிட்டியிலும் தனியாக 2 ஸ்டீரியோ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அலைவரி எழும்பாமல் நேர்க்கோடாகவே ஓடினால், பிரைவசி பகுதியில் செயலிகளுக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். லைன் உள்ளீட்டுக்கும் அதே அனுமதிதான். அடியில் ஓர் உறுமல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவுசெய்து பாருங்கள். எனக்கு அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமல் அத்துடன் நின்றது.

முன்பே பதிவுசெய்து வைத்த கோப்பு மோனோவா ஸ்டீரியோவா என்று அறிய, ஆடாசிட்டியில் அதை இரண்டு மோனோ வரிகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் இன்வெர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். முழு அமைதி என்றால் இரண்டும் ஒரே ஒலி. என் புதிய பதிவில் இரண்டு வரிகளுக்கும் பொதுவான புலவரின் குரல் மெலிந்து, குடமும் உடுக்கையும் முன்னே வந்தன.

மறுமொழி

ஐயா, தாங்கள் கடைசியில் எழுதிய இன்வெர்ட் சோதனையைப் படித்ததும் எனக்கு நேர்ந்த, இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பகிரத் தோன்றியது. பேரப்பிள்ளைகளுக்காகக் கதைகளை வாசித்துப் பதிவுசெய்கிறேன். மைக்கைச் சிறிய மிக்ஸரில் இணைத்து, அதன் பேலன்ஸ்டு மோனோ வெளியீட்டை ஸ்டீரியோ பின் கொண்ட கேபிளால் கணினியின் இளநீலத் துளைக்குக் கொண்டுவந்திருந்தேன். ஹெட்போனில் கேட்டபோது குரல் தலையைச் சுற்றிப் பரவியதுபோல் இருந்ததே தவிர, குறை என்று சொல்லத் தோன்றவில்லை. மகளோ, தன் கைப்பேசியில் ஒன்றுமே கேட்கவில்லை என்றாள்.

பேலன்ஸ்டு வெளியீட்டில் பின்னின் நுனியில் ஓர் ஒலியும், வளையத்தில் அதே ஒலி தலைகீழாகவும் செல்கின்றன. ஸ்டீரியோ துளை அவற்றை இடது, வலது என்று பதிவுசெய்துகொள்கிறது. ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட கைப்பேசி இரண்டையும் கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அலைவரியைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேல் வரி ஏறும் இடத்தில் கீழ் வரி இறங்குவது கண்ணுக்கே தெரிகிறது. வரிகளைப் பிரித்து, வலதை நீக்கி, இடதை மட்டும் மோனோவாகச் சேமித்தவுடன் பழைய கதைகள் அனைத்தும் மீண்டுவிட்டன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவு ஸ்டீரியோவாகவே இருந்து, கேட்கும் இடத்தில் மோனோவாகிவிடுவதும் உண்டு. விண்டோஸின் அணுகல்தன்மைப் பகுதியில் மோனோ ஆடியோ என்ற பொத்தான் இருக்கிறது. அது தவறுதலாக இயக்கப்பட்டிருந்தால் எந்தப் பதிவும் நடுவிலேயே ஒலிக்கும். அதுபோல, புளூடூத் ஹெட்செட்டின் மைக்கை ஏதேனும் ஒரு செயலி பயன்படுத்தத் தொடங்கினால், ஹெட்செட் அழைப்புக்குரிய நிலைக்கு மாறி, பெரும்பாலும் தரம் குறைந்த மோனோவாகிவிடும். எனவே டெக்கையும் கேபிளையும் குறை சொல்லுமுன், கம்பி வைத்த ஹெட்போன் ஒன்றில், ஸ்டீரியோ என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.