தொடக்கப்பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் நாங்கள் குடியேறவிருக்கும் பகுதியின் அரசு தொடக்கப்பள்ளியில், மாநிலத் தேர்வில் எதிர்பார்த்த நிலையை எட்டியவர்கள் பாதிக்கும் குறைவு என்றும், பெரும்பாலோர் குறைந்த வருமானக் குடும்பத்தினர் என்றும் அறிக்கை சொல்கிறது. மகளை அங்கே சேர்க்கத் தயங்க வேண்டுமா?

பதில் 1: அந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மாநிலத் தேர்வு 3ஆம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்பதால், அதற்கு முந்தைய வகுப்புகளின் கற்பித்தல் அதில் நேரடியாகத் தெரியாது. அமெரிக்கப் பள்ளிகளில் கல்வி வாய்ப்பின் சமத்துவத்தை ஆராய்ந்து 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை தொடங்கி, மதிப்பெண்ணுக்கும் குடும்பப் பின்னணிக்கும் நெருங்கிய தொடர்பிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பதால், நீங்கள் பார்த்த விழுக்காடு பள்ளியின் தரத்தைவிட அக்கம்பக்கத்து வருமானத்தையே அதிகம் சொல்லக்கூடும். அதே மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதே என் பார்வையில் முக்கியமான கேள்வி.

பதில் 2: அறிக்கையில் ‘ஆங்கிலம் கற்போர்’ (வீட்டில் வேறு மொழி பேசி, ஆங்கிலத்தில் இன்னும் தேறாத மாணவர்கள்) பிரிவின் முடிவைக் கண்டும் மிரள வேண்டாம். மொழியில் தேறியவர்கள் அப்பிரிவிலிருந்து வெளியேற்றப்படுவதால், எஞ்சியோரின் மதிப்பெண் தாழ்ந்தே தெரியும். (வீட்டு மொழி தமிழ் என்று படிவத்தில் எழுதினால், உங்கள் மகளுக்கும் ஆங்கிலத் திறன் சோதனை நடக்கும்; அது வழக்கமான நடைமுறைதான்.) ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்கு 1965ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்விச் சட்டத்தின்படி ‘டைட்டில் ஒன்’ என்னும் மத்திய அரசு நிதி கூடுதலாகக் கிடைக்கிறது, அதைக்கொண்டு வாசிப்புப் பயிற்சிக்குத் தனி ஆசிரியர் வைத்திருக்கிறார்களா என்று பள்ளி முதல்வரிடம் கேளுங்கள்.