240 வீடு, 12 பிரிவு: கைவர்க்கத்தை அப்படியே போடலாமா?

கண்டாவளைக்காரி
வணக்கம். கிளிநொச்சியில் கரைச்சி, கண்டாவளை இரண்டிலும் நுண்கடன் பற்றி முதுமாணி ஆய்வு. இரணைமடு வாய்க்கால் தண்ணி பாயுற 6 கிராம சேவகர் பிரிவு, மானாவாரியா விதைக்கிற 6 பிரிவு, ஒவ்வொன்றிலும் 20 வீடு, மொத்தம் 240. கைவர்க்கச் சோதனை (இரண்டு பக்கத்து வித்தியாசம் தற்செயலோ என்று பார்க்கிற chi-square), பிறகு லொஜிஸ்டிக் பிற்செலவு (கடன் உண்டு, இல்லை என்பதை மற்றக் காரணங்களோடு தொடுக்கிற regression). "கொத்தைக் கணக்கில் எடுக்கவில்லை" என்று முன்மொழிவு திரும்பி வந்திருக்கு. 240 காணாதோ? எதைப் படிக்க வேணும்?

வாய்க்கால்கரை
240 என்ற எண்ணில் பிழையில்லை, தங்கச்சி. அந்த 240 வீடும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று கைவர்க்கம் நம்புது, அங்கதான் பிழை. ஒரு பிரிவின் வீடுகள் ஒரு கொத்து: ஒரே துருசுத் (மதகுத்) தண்ணி, ஒரே சங்கம், ஒரே கடன்காரர் வாற கிழமை. ஒரு வீட்டைக் கேட்டால் பக்கத்து வீட்டில் பாதி தெரிஞ்சமாதிரி.

இதை அளக்கிற காரணியின் சூத்திரம் 1 + (m − 1)ρ. m ஒரு பிரிவில் எடுக்கிற வீடுகள், ρ கொத்துக்குள் இணைபு, அதாவது ஒரே பிரிவு வீடுகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கு என்ற அளவு. ρ = 0.1 என்று வைப்பம்: 1 + 19 × 0.1 = 2.9. 240 ÷ 2.9, அதாவது உங்களிட்ட உண்மையில் இருக்கிறது ஏறக்குறைய 83 வீட்டுத் தகவல்.

எண் வைத்துப் பாருங்கோ (கற்பனை எண்தான்). வாய்க்கால் பக்கம் 120 இல் 54 வீட்டில் கடன், மானாவாரிப் பக்கம் 120 இல் 71. கைவர்க்கம் 4.83, பீ பெறுமதி (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இந்தளவு வித்தியாசம் வர வாய்ப்பு; வழக்கமான எல்லை 0.05) 0.028. "வித்தியாசம் உண்டு" என்று எழுதிவிடுவீங்கள். 4.83 ஐ 2.9 ஆல் பிரித்தால் 1.66, பீ 0.20. முடிவே கவிழுது.

அதே 240 ஐ 24 பிரிவில் 10 வீடாகப் பரப்புங்கோ. காரணி 1.9, பயனுள்ள மாதிரி 126. வீட்டைக் கூட்டுறதைவிடப் பிரிவைக் கூட்டுறதுதான் லாபம். இன்னொன்று: டிகிரீஸ் ஒஃப் ஃபிரீடம் (சோதனைக்குக் கிடைக்கிற சுயாதீனத் தகவல் எண்ணிக்கை) வீடுகளில் இருந்தல்ல, பிரிவுகளில் இருந்துதான் வருது; அதிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் 2 கழியும். 12 − 2 = 10 என்றால் t எல்லை (வித்தியாசம் உண்டு என்று சொல்லத் தாண்ட வேண்டிய அளவு) 2.23; 24 − 2 = 22 என்றால் 2.07.

பட்டியல்மட்டை
மேலே சொன்னது சரி. ஆனா கூடுதலாக் கெடுறது களத்தில்.

பிரிவின் குடும்பப் பட்டியலை எடுத்து, ஊரை விட்டுப் போன குடும்பங்களை முதலில் வெட்டுங்கோ. 380 குடும்பம், 10 வீடு என்றால் இடைவெளி 38. 1 இலிருந்து 38 க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து 38, 38 ஆகக் கூட்டிப் போங்கோ. "நல்லாப் பதில் சொல்லுற ஆக்கள்" என்று ஆரும் காட்டுற வீட்டுக்குப் போக வேண்டாம். அது அனேகமா றோட்டுக்கரை வீடு, உதவித்திட்டம் கிடைச்ச வீடு.

பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவக்கூடாது. கூலிக்குப் போன வீடுதான் பகலில் பூட்டியிருக்கும், கடனும் அங்கதான் இருக்கும். வேறு வேறு நேரத்தில் மூன்று தரம் போங்கோ, பின்னேரம் ஒரு தரமாவது. கடன் கேள்வியைப் பெண்ணிடம் தனியாக் கேளுங்கோ. புருசன் பக்கத்தில் இருந்தால் "இல்லை" என்றுதான் வரும். "கடன் இருக்கோ" என்று மொட்டையாக் கேளாமல், கடந்த 12 மாதத்தில் எடுத்தது, இன்னும் கட்ட இருக்கிறது என்று பிரியுங்கோ.

கண்டாவளைக்காரி
நன்றி அண்ணை. 24 பிரிவுக்குப் பெற்றோல் கணக்கு உதைக்குது. 16 × 15 சரிவருமோ? எஸ்பிஎஸ்எஸ் புள்ளிவிபர மென்பொருளில் கொத்தைக் கணக்கில் எடுக்கிற வசதி காணேல்லை.

வாய்க்கால்கரை
16 × 15 என்றால் காரணி 2.4, அதாவது 100 வீட்டுத் தகவல். இடைநடு, ஏலுமானால் 20 × 12. எஸ்பிஎஸ்எஸ்ஸில் 'கொம்ப்ளெக்ஸ் சாம்பிள்ஸ்' தனியா வாங்கிற பகுதி. 'ஆர்' மென்பொருள் இலவசம், அதில 'சர்வே' பொதியில் பிரிவு, படை (வாய்க்கால், மானாவாரி என்ற பக்கம்), நிறை (ஒரு வீடு எத்தனை வீட்டைப் பிரதிநிதிக்குது) மூன்றையும் ஒருக்கால் அறிவித்தால் போதும். பிரிவுகளைக் குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்பில் தெரிவு செய்தால், ஒரு படைக்குள் எல்லா வீட்டுக்கும் ஒரே நிறை. சமவாய்ப்பில் தெரிவு செய்து பிரிவுக்கு 10 வீடு எடுத்தால் 520 குடும்பப் பிரிவில் ஒரு வீடு 52 ஐயும், 180 பிரிவில் 18 ஐயும் பிரதிநிதிக்கும். மறந்தால் சின்ன ஊர்களின் குரல் பெருக்கும்.

பதில் இல்லாததுக்கு 99 போட்டிருந்தால் சராசரி எடுக்க முதல் அதை வெற்றாக்குங்கோ.

பட்டியல்மட்டை
எழுதும்போது ஒன்று. மேலுள்ள எண்களில் ஒட்ஸ் ரேஷியோ (கடன் உள்ள வீடு ÷ இல்லாத வீடு என்ற விகிதத்தை இரண்டு பக்கத்துக்கும் ஒப்பிடுறது, லொஜிஸ்டிக் தாற எண்) 1.77. அதை "77% கூட வாய்ப்பு" என்று எழுதாதேங்கோ. 59.2% ஐ 45% ஆல் பிரித்தால் 1.32 மடங்குதான். கடன் இப்படி ஊரெல்லாம் பரவியிருக்கிற இடத்தில் இரண்டும் ஒன்றல்ல.